இரவல் நடை

கணினி விளையாட்டு ஒன்றைச் செய்ய ஒரு கூட்டமே வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தத் திசையில் தலைவைத்துப் படுத்திருக்கவே மாட்டேன். நிரல் எழுத ஒருவர், படம் வரைய ஒருவர், வரைந்ததை நடக்கவைக்க ஒருவர், சத்தம் சேர்க்க ஒருவர் என்று வெளிநாடுகளில் பலர் கூடிச் செய்கிற வேலை அது. அதைக் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவில், தகரக் கூரைக்குக் கீழே நான் ஒருவனே முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். ஆழம் தெரியாமல் காலை விடுவதில் எங்கள் குடும்பத்துக்கு நல்ல பெயர் உண்டு.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பகலில் கரவனெல்ல டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்தேன். போன் பேசவும் போட்டோ கொப்பி எடுக்கவும் ஆட்கள் வரும் கடை. முதலாளி புதுக் கணினி வாங்கியபோது பழையதை என் தலையில் கட்டினார். கொழும்பில் மென்பொருள் கம்பனியொன்றில் இருந்த ஒருவர் ஒருநாள் கடைக்கு வந்தவர், நான் செய்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “முழுசா முடிச்ச விளையாட்டு ஒண்ணக் கொண்டுவாங்க, பார்ப்போம்” என்று சொல்லிப் போனார். அவர் மறந்திருப்பார். நான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

விளையாட்டு எளிமையானது. ரப்பர் மலையில் ஒரு பெண் பால் எடுக்கிறாள். மரத்துக்கு மரம் போய்ச் சிரட்டையில் வடிந்திருக்கும் பாலை வாளியில் ஊற்றிக்கொள்ள வேண்டும். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். மழை முந்திக்கொண்டால் பால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும், ஆட்டம் தோற்றது. எங்கள் தோட்டத்தில் எல்லாரும் காலையில் ஆடுகிற ஆட்டம்தான்.

மரங்களை நானே வரைந்தேன். ஒரு மரத்தை வரைந்து பிரதி எடுத்து வரிசையாக நட்டால் மலை வந்துவிட்டது. நிஜ ரப்பர் மலையும் அப்படித்தான் இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மரம், ஒரே இடைவெளி, ஒரே இருட்டு. நடக்கிறோமா நின்ற இடத்திலேயே நிற்கிறோமா என்று சில சமயம் சந்தேகம் வரும். சின்ன வயதில் அங்கே தனியாகப் போக எனக்குப் பயம். இப்போதும் பெரிய தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை.

ஆள்தான் கிடைக்கவில்லை. என் கைக்கு மரம் வரும், மனிதன் வரமாட்டான். கொழும்பு நடைபாதையில் படங்கள் நிறைந்த சீடிகள் வாங்கினேன். கடையின் இன்டர்நெட்டில், ஒரு படம் இறங்குவதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம் என்ற வேகத்தில், இலவச உருவங்களைத் தேடி இறக்கினேன். கிடைத்தவர்கள் எல்லாரும் சண்டைக்காரர்கள். கத்தி, கவசம், கோடாரி, துப்பாக்கி. பெண்கள் இருந்தார்கள், அவர்களிடமும் வில் இருந்தது. ஒரு கவசக்காரனின் கத்தியை அழித்து, வாளியை வரைந்து, தலைக்குத் துணியும் கட்டி ரப்பர் மலையில் இறக்கிவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

“யாருடா இது, புதுத் தொரையா? பொழப்புல வாளி தூக்காத ஆளு மாதிரி நடக்கிறாரு.”

சொன்னது நியாயம்தான். தலையை மாற்றலாம், சட்டையை மாற்றலாம், நடையை மாற்ற முடியவில்லை. சண்டைக்குப் போகிறவன் நடை எந்தத் துணியைச் சுற்றினாலும் சண்டைக்குத்தான் போனது.

அந்தச் சமயத்தில் மேல் லயத்தில் ஒரு சடங்கு வீடு. பெண் வயதுக்கு வந்த விசேஷத்துக்கு டவுனிலிருந்து ஸ்டூடியோக்காரர் வீடியோ எடுக்க வந்தார். சிங்களவர், எங்களோடு சரளமாகத் தமிழ் பேசுவார். லைட் தூக்கிப் பிடிக்க நான் கூடப் போனேன். முடிந்ததும், கசெட்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, நாளைக்குக் கமராவைத் தருகிறேன் என்றார். “மல்லி, பரிஸ்ஸமெங்” என்று பத்திரம் சொல்லித்தான் தந்தார்.

எங்களுக்கு அடுத்த காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். பால் வெட்டுகிறவர். சின்ன வயதில் கான் வாய்க்காலில் விழுந்து இடது குதிகால் கெட்டுப்போனதால் அந்தக் கால் முழுதாய்த் தரையில் படியாது, முன்பாதம் மட்டும்தான் ஊன்றும். வலது கையில் பால் வாளியின் கனம் இழுக்க, இடது தோள் உயர, அந்தக் கால் தொட்டும் தொடாமலும் வர, அவர் நடை ஒரு தனி நடை. வாசலைக் கடந்து போகும்போது பார்க்காமலே அவர்தான் என்று தெரியும்.

“அக்கா, இப்படியே பக்கவாட்டுல நடந்து போங்க. கமராவப் பாக்காதீங்க.”

“கல்யாணத்துக்கே எங்களப் படம் புடிக்கல. இப்ப வாளியோட புடிக்கிறீங்களா?” என்று சிரித்தார். பிறகு சொன்னபடி நடந்தார். செக் சட்டை, இடுப்பில் சாக்கு, தலையில் துணி. மரங்களுக்கு நடுவே இடமிருந்து வலமாகப் போனார், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியதும் அதுதான்.

பிறகு நடந்த வேலை வினோதமானது. வீடியோ டெக்கில் கசெட்டைப் போட்டு, படத்தை நிறுத்தி, டீவியின் கண்ணாடிமேல் போட்டோ கொப்பிக் கடையின் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, அக்காவின் உருவத்தைப் பேனாவால் கோடு கோடாக எடுத்தேன். கொஞ்சம் தள்ளி மறுபடி நிறுத்தி, மறுபடி ஒரு தாள். நிறுத்திய படம் நிற்காது, நடுங்கிக்கொண்டே இருக்கும். கண்ணாடியில் கை பட்டால் மயிர் சிலிர்க்கும். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது பல கால்கள் உள்ள ஒரே பெண் தெரிந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை, உடனே கலைத்துவிட்டேன்.

கடையின் ஸ்கேனரில் எல்லாவற்றையும் கணினிக்குள் ஏற்றி, வரிசைப்படுத்தி ஓடவிட்டேன். முகம் இல்லாத, வெறும் கோடுகளான ஓர் உருவம் எழுந்து நடந்தது. அடுப்படியிலிருந்து வந்த அம்மா நிலைப்படியில் நின்றுவிட்டார்.

“இது அவளாச்சே” என்றார். பிறகு, “நடைய மட்டும் தனியா எடுத்து வச்சிருக்கியே, இது நல்லதாடா?” என்றார். நான் சிரித்தேன். ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அப்போது எதற்கும் சிரித்திருப்பேன்.

அடுத்த வருஷம் சித்திரைக்குப் பிறகு அக்கா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார். எங்கள் பக்கத்துப் பெண்கள் போவதுதான். புருஷன்காரர் பால் நிறுக்கும் இடத்தில் வேலை செய்தார், அமைதியான மனிதர். நான் அவரை அண்ணன் என்பேன். அக்கா எங்கள் கடைக்கு போன் எடுப்பார், அண்ணன் வந்து பேசுவார். பிறகு போன் குறைந்தது. பிறகு நின்றது. கடைசியில் ஒருநாள் செய்தி வந்தது, அதன் பிறகு பெட்டி வந்தது.

பெட்டியில் சீல் வைத்திருந்தது. திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காகிதத்தில் நெஞ்சு வலி என்று இருந்தது. அண்ணன் அழவில்லை. பெட்டியின் கால்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, “இது அவதான்னு யாரு சொல்றது?” என்று ஒவ்வொருவரையும் கேட்டார். யாரால் சொல்ல முடியும். முகம் பார்க்காமலே தோட்டத்து மயானத்தில் புதைத்தோம்.

எட்டாம் நாள் எங்கள் ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, காம்பராவுக்குள் இலையில் படைத்து, தரையில் சாம்பலைச் சலித்துத் தூவி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே உட்காருவோம். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் சாம்பலில் ஏதாவது தடம் இருக்கும். கோழிக்கால் மாதிரி ஒன்று, பூனைக்கால் மாதிரி ஒன்று, காற்று இழுத்த கோடாவது இருக்கும். அதைப் பார்த்து, வந்து சாப்பிட்டுப் போய்விட்டார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அதுவரை பார்த்த எந்த எட்டிலும் தடம் இல்லாமல் போனதில்லை. மண் தரையில் ஏதாவது ஒன்று ஊராமல் இருக்குமா.

அன்று அந்தியில் கதவைத் திறந்தபோது சாம்பல் தூவியது தூவியபடி இருந்தது. ஓர் எறும்பு போன கோடுகூட இல்லை. அரிக்கன் லாம்பைத் தாழ்த்திப் பிடித்து மூலை மூலையாகப் பார்த்தார்கள். எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம்.

“வரலையே” என்றார் அவர். “வராத ஆளுக்கு எப்படிக் கருமாதி செய்வேன்?”

பதினாறாம் நாள் கருமாதி செய்து, மீசை எடுத்து, செத்தவரை அனுப்பிவைக்க வேண்டும். அவர் செய்யவில்லை. அக்காவின் உடன்பிறந்தவர்கள் வந்து சத்தம் போட்டுப் பார்த்தார்கள். செத்தவளை அந்தரத்தில் நிறுத்தாதே என்றார்கள். அவர் மீசையோடு வேலைக்குப் போய் வந்தார். அக்காவின் துணிமணி கொடியிலேயே கிடந்தது. சோறு இரண்டு கோப்பையில் போட்டார். அடுத்த காம்பராவில் இருந்த எங்களுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பேசுவது கேட்கும். பதில் கேட்காது. ஆனால் பதிலுக்கு விடுகிற இடைவெளி கேட்கும்.

அந்த நாட்களில் நான் விளையாட்டை ஓட்டுவதை நிறுத்தியிருந்தேன். ஆனால் அந்தக் கொழும்புக்காரரிடம் அதைக் கொண்டுபோக நானே குறித்துவைத்திருந்த நாள் நெருங்கியது. கொடுப்பதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று ஒரு மாலை ஓடவிட்டேன். கதவு திறந்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ, அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

அணைக்கப் போனேன். “இருக்கட்டும் தம்பி” என்றார்.

உருவம் வாளியோடு போய்த் திரையின் வலது ஓரத்தில் மறைந்தது. இடது ஓரத்தில் மறுபடி வந்தது. மலை முடிவில்லாமல் தெரிய வேண்டும் என்பதற்காக நான் செய்த ஏற்பாடு அது. மறுபடி மறைந்தது, மறுபடி வந்தது. அண்ணன் கண் அதன் கூடவே போய்ப் போய் வந்தது.

“இப்ப எங்க போறா?”

“எங்கயும் இல்லண்ணே. அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் வருவாங்க.”

“அப்ப லயத்துக்கு வழி?”

“வழி... வைக்கலண்ணே.”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கோபம் இல்லை, விடை தெரிந்துவிட்டவருடைய முகம். “அதான் எட்டுக்கு வரல” என்றார். “எப்படி வருவா? இங்கல்ல சுத்திக்கிட்டு நிக்கிறா. மல சுத்தி மல சுத்தி, எறங்க எடம் தெரியாம.”

படித்தவன் என்ற முறையில் இது வெறும் கோடு, வெறும் கணக்கு என்று எடுத்துச் சொல்லியிருக்கலாம். திரையில் அந்த இடது கால் தொட்டும் தொடாமலும் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவரைவிட அதிகமாக நான் அதை நம்பிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

“அழிச்சிரட்டுமாண்ணே?”

அப்போதுதான் பதறினார். “அழிச்சா எங்க போவா? வேணாம். ஒரு வாசல் வைங்க தம்பி. நம்ம காம்பரா வாசல். வேல முடிஞ்சு உள்ள போகட்டும். போயிட்டான்னா நான் கருமாதி செய்றேன்.”

வாசல் வரைவது ஒரு வேலையா. லயத்தின் முகப்பைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். தகரம், சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், ஒற்றைச் சன்னல் எல்லாம் வந்தது. ஆனால் உருவம் வாசலை நோக்கித் திரும்ப வேண்டும், படியேற வேண்டும், குனிந்து உள்ளே போக வேண்டும். என்னிடம் அக்கா பக்கவாட்டில் நடக்கும் தாள்கள் மட்டும்தான் இருந்தன. கசெட்டை முன்னும் பின்னும் ஓட்டித் தேடினேன். பக்கவாட்டிலேயே போங்கள் என்று நான்தானே சொல்லியிருந்தேன். சீடிகளில் தேடினேன், இன்டர்நெட்டில் தேடினேன். கோட்டைக்குள் நுழைகிறவர்கள் கிடைத்தார்கள், வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறவள் கிடைக்கவில்லை. என் அம்மாவை நடக்கச் சொன்னேன், முடியவே முடியாது என்று மறுத்துவிட்டார்.

நிலைமையை அண்ணனிடம் சொன்னேன். “அவ திரும்புறது எப்படின்னு எனக்குத் தெரியும்” என்றார். “ஸ்டூடியோக்காரர்கிட்ட கமராவக் கேளுங்க.”

ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் கமராவோடு காத்திருந்தேன். மழை இருட்டு கட்டியிருந்தது. அடுத்த காம்பராக் கதவு திறந்தது. அக்காவின் செக் சட்டை, இடுப்பில் சாக்கு, தலைத்துணி. அண்ணன் மீசையை எடுத்திருந்தார். கருமாதிக்கு எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக வைத்திருந்த மீசை.

“மீசையோட அவ எப்படி வருவா” என்றார் என்னைப் பார்க்காமல். பீலிக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்தார். வெறும் வாளி என்றால் நடை வராது என்றார்.

பிறகு மலை ஓரத்திலிருந்து லயத்தை நோக்கி நடந்தார். முதல் இரண்டு எட்டு அவர் நடையாக இருந்தது. மூன்றாவது எட்டில் இடது குதிகால் உயர்ந்தது, தோள் சாய்ந்தது, அதன் பிறகு அங்கே அண்ணன் இல்லை. நான் கமராவின் சின்னக் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணை எடுத்து நேரில் பார்க்கத் துணிவு வரவில்லை. எதிர் வரிசையில் ஒரு கதவு சாத்தியது. இன்னொன்று சாத்தியது. யாரோ பிள்ளையை உள்ளே இழுக்கும் சத்தம். அக்கா சோறு போட்டு வளர்த்த நாய் ஒன்று லயத்துக் கோடியில் எந்நேரமும் படுத்தே கிடக்கும், அது எழுந்து வந்து, வழக்கம்போல் வாளிக்கும் காலுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு நடந்தது. அண்ணனை அது ஒருநாளும் பின்தொடர்ந்ததில்லை.

வாசலுக்கு வந்ததும் வாளியைக் கைமாற்றி, வலது கையால் நிலையைப் பிடித்து, கெட்ட காலை முதலில் தூக்கி வைத்து, உடம்பை ஒரு பக்கமாக ஒடுக்கி உள்ளே போனார். அப்படித்தான் அக்கா போவார். நான் தினமும் பார்த்தும் பார்க்காத ஒன்று அது. மழை பிடித்துக்கொண்டது. நாய் வாசலில் உட்கார்ந்திருந்தது. பிறகு அண்ணன் தன் சட்டையில் வெளியே வந்து, “போதுமா தம்பி?” என்றார். அது அவர் குரல்தான் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

மறுபடி டீவிக் கண்ணாடி, மறுபடி பிளாஸ்டிக் தாள். உயரத்தைக் கொஞ்சம் குறைத்தேன், தோளைக் கொஞ்சம் ஒடுக்கினேன். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. பழைய தாள்களையும் புதிய தாள்களையும் சேர்த்து ஓடவிட்டால் எங்கே அக்கா முடிகிறார், எங்கே அண்ணன் தொடங்குகிறார் என்று எனக்கே தெரியவில்லை. ஓர் இடத்தில் தாள்கள் கலந்துவிட்டன. எது யாருடைய கால் என்று கோட்டைப் பார்த்துப் பிரிக்க முயன்று தோற்றேன்.

முடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மாவும் முதல்முறையாக நிலைப்படி தாண்டி உள்ளே வந்து சுவரோரம் நின்றார். ஓடவிட்டேன். கடைசிச் சிரட்டையின் பாலும் உருவத்தின் வாளிக்கு வந்து சேர்ந்தது. மரங்கள் முடிந்தன. இத்தனை நாளும் முடியாத மலை முடிந்து, லயம் தெரிந்தது. உருவம் திரும்பியது. வாளியைக் கைமாற்றியது, நிலையைப் பிடித்தது, ஒடுங்கி உள்ளே போனது. திரையில் வெறும் லயம் நின்றது.

அண்ணன் அந்த இருண்ட சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெளக்கு?” என்றார்.

“என்னண்ணே?”

“அவ உள்ள வந்தா மொதல்ல வெளக்கத்தான் பத்தவைப்பா.”

உருவம் உள்ளே போனபின் சன்னலின் கறுப்பு போய் மஞ்சள் வரும்படி இன்னொரு படம் போட்டேன். அவசரத்தில் நிறம் சுவரிலும் கொஞ்சம் வழிந்தது, அப்படியே விட்டேன். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். உருவம் மலையெல்லாம் நடந்தது, திரும்பியது, உள்ளே போனது. ஒரு கணம் கழித்துச் சன்னல் வெளிச்சமானது.

“வந்துட்டா” என்றார் அண்ணன். பெட்டி வந்த அன்றிலிருந்து அழாத மனிதர் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். நாளைக்கே ஆட்களுக்குச் சொல்லிக் கருமாதிக்கு நாள் வைக்கச் சொல்கிறேன் என்றார் அண்ணன், அழுகைக்கு இடையில். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நன்றாக வந்திருக்கிறது, கொழும்புக்காரர் அசந்துவிடுவார் என்றும் அதே நேரத்தில் தோன்றியது. மனசு அப்படித்தான்.

அவருக்கு இன்னொருமுறை காட்டலாம் என்று ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கும் விசைக்குக் கையைக் கொண்டுபோனேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் தம்பி. இனி இத யாரும் ஓட்ட வேணாம். பாவம், இப்பத்தான் வேல முடிஞ்சு வந்திருக்கா.”